மேக்ஸ் 100-இல் ஒரு ட்ரையல்ஸ் வண்டி: பல் கணக்கிலிருந்து காற்றழுத்தம் வரை

பழைய டிவிஎஸ் சுசுகி மேக்ஸ் 100 ஒன்று இப்போது முழங்கால் உயரப் பாறைப் படியை முதல் கியரில் ஏறுகிறது. இன்ஜின் நிற்பதில்லை, கால் ஊன்ற வேண்டியதில்லை. இதற்காக இன்ஜினுக்குள் ஒரு குதிரைசக்தி கூடச் சேர்க்கவில்லை. சிலிண்டர் போர், பிஸ்டன், போர்ட் எதிலும் கை வைக்கவில்லை. காசும் உழைப்பும் முழுக்கப் போனது வண்டியை மெதுவாக ஓட வைப்பதற்குத்தான். அந்த வேலை வரிசையும் அளவுகளும் கீழே. வேலைக்கு ஆகாமல் போனவையும் உண்டு.

ட்ரையல்ஸ் பார்க்காதவர்களுக்கு ஒரு பத்தி. இது வேகப் போட்டி அல்ல. பாறை, மண்மேடு, பள்ளம், மரவேர் உள்ள ஒரு துண்டு நிலத்தில் ரிப்பன் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குச் செக்‌ஷன் என்று பெயர். வலப்பக்கம் சிவப்புக் குறி, இடப்பக்கம் நீலக் குறி, இரண்டுக்கும் நடுவே வண்டி போக வேண்டும். கால் ஊன்றாமல் வெளியே வந்தால் 0. ஒருமுறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லைக் கோட்டைத் தாண்டினாலோ, கால் தரையில் இருக்கும்போது இன்ஜின் நின்றாலோ 5. கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவர் ஜெயித்தார். உட்கார்ந்து ஓட்டும் வேலையே கிடையாது, நின்றபடிதான் எல்லாம்.

மேக்ஸ் 100-ஐ எடுத்ததற்குக் காரணம் எளிது. ஆர்எக்ஸ் 100 இப்போது கைக்கு எட்டாத விலை. அதை வெட்டினால் பார்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். பால் கேன் கட்டி ஓடிய மேக்ஸ் இன்னும் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் சாளைச் (தோட்டத்து வீடு) சுவரில் சாய்ந்தபடி கிடக்கிறது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் இன்ஜின். கிராங்க் செட், கிளட்ச் பிளேட், பேரிங் எல்லாம் கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும். முக்கியமானது எடை. ராயல் என்ஃபீல்டு 2019-இல் 'புல்லட் ட்ரையல்ஸ் 350' என்று ஒன்றை விற்றது. அதன் எடை 187 கிலோ. 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸை ஜானி பிரிட்டன் ஜெயித்தது புல்லட்டில்தான் என்பதால் அந்தப் பெயருக்கு உரிமை உண்டு. ஆனால் இன்று போட்டிக்கென்றே தயாராகும் ட்ரையல்ஸ் வண்டிகள் 70 கிலோவை ஒட்டி நிற்கின்றன. அந்தப் பக்கம் நகர வேண்டுமென்றால் தொடக்கமே இலேசாக இருக்க வேண்டும்.

வெட்டியது

சீட், பின் மட்கார்டு, கேரியர், சாரி கார்டு, விளக்குகள், பேட்டரி, மெயின் ஸ்டாண்டு, செயின் கவர், டூல் பாக்ஸ், எல்லாம் போனது. ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டுக்குப் பின்னால் 40 மி.மீ. விட்டு ஃபிரேம் வளையத்தை அறுத்து, அதே குழாயில் ஒரு குறுக்குத் துண்டு வைத்து மூடினோம். அந்த மூலையில் 3 மி.மீ. தகட்டில் முக்கோண கஸெட் வைக்காவிட்டால் வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விழும். பெரிய டேங்குக்குப் பதில் பழைய மொபெட் டேங்க். அரை நாள் போட்டிக்கு இரண்டு லிட்டர் தாராளம். மஞ்சள் மூட்டை எடை போடும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது பெட்ரோல் இல்லாமல் 96 கிலோ இருந்தது, எல்லா வேலையும் முடிந்தபின் 82-க்கு வந்தது. இன்னும் குறைக்கலாம், ஆனால் அடுத்த ஐந்து கிலோவுக்கு ஆகும் செலவு முதல் பதினான்கு கிலோவுக்கு ஆனதைவிட அதிகம்.

இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. போட்டி இடத்துக்குக் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பழகுவதும் சொந்தப் பட்டா நிலத்தில்தான். மலையடிவாரம் என்று வனத்துறை எல்லைக்குள் வண்டியை விடாதீர்கள்.

பல் கணக்கு

இதுதான் முதல் வேலை. இதைச் சரி செய்யாமல் வேறு எதைத் தொட்டாலும் பலன் தெரியாது.

கியர் விகிதத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், மேக்னட் (கிராங்கோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரம்) மூடியைத் திறந்து மேக்னட்டில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள், முதல் கியரைப் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சரியாக ஒரு சுற்று சுற்றி, மேக்னட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் கைக்கு வந்த வண்டியில் முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின் ஸ்பிராக்கெட்டில் 42, எண்ணியது 32. பின் டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருண்டது. 1500 ஆர்பிஎம்மில் இது மணிக்கு 5.3 கி.மீ. கேட்க மெதுவாகத் தெரியும். ஆனால் இரண்டு பாறைக்கு நடுவே ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 5 கி.மீ. மிக வேகம். கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டி வரும், இன்ஜின் அணையும்.

தேவை 4 கி.மீ.க்குக் கீழே. முதலில் 12-க்கு 48 போட்டோம். ட்ரையல்ஸ் பின் டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும் என்பதால் கணக்கு 4.2 கி.மீ.யில் நின்றது. சமதளத்தில் அருமை, ஏற்றத்தில் போதவில்லை. 98 சிசி இன்ஜின் ஏற்றத்தில் 1500-இல் இழுக்காது, 2000-க்குப் போகும். அப்போது வேகம் 5.6. அடுத்தது 12-க்கு 54. முதல் கியரில் 48 சுற்று, 1500-இல் 3.75 கி.மீ. இதில்தான் நிலைத்தோம். 11 பல்லுக்கும் போகலாம், ஆனால் அத்தனை சின்ன வட்டத்தில் 428 செயின் ஒடிந்து திரும்பும்போது பின்களும் ரோலர்களும் சீக்கிரம் தேய்கின்றன. ஸ்விங் ஆர்ம் முனையிலும் செயின் உரசுகிறது. 12-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

54 பல் கடையில் கிடைக்காது. ஆவாரம்பாளையம், கணபதி பக்கத்தில் ஹாபிங் (மெஷினில் பல் வெட்டுவது) செய்யும் பட்டறைகள் ஏராளம். 8 மி.மீ. ஈஎன்8 எஃகுத் தகட்டைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கடைந்து 7.2 மி.மீ.க்குக் கொண்டுவந்தபின் பல் வெட்டச் சொல்லுங்கள். 428 செயினின் உள் அகலம் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அதனால் 8 மி.மீ. தகடு அப்படியே உள்ளே போகாது. மையத் துளையை ஹப்பில் வைத்துப் பார்த்து, கையால் அழுத்தினால் இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் கடைய வேண்டும். போல்ட்டுகள் மட்டுமே மையத்தைப் பிடித்தால் செயின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொங்கும். பல்லின் எண்ணிக்கையைக் கேட்டதும் பட்டறைக்காரர் கேட்டது: "ஏனுங்க தம்பி, 54 பல்லா? உழவு ஓட்டப் போறீங்களா?"

செயினுக்குப் பழையதைவிட 6 லிங்க் கூடுதலாக வேண்டியிருந்தது. 120 லிங்க் செயின் வாங்கி 114-க்கு வெட்டினோம். பின் ஷாக் நீளமானதால் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது செயினின் தளர்வு மிகவும் மாறுகிறது. ஸ்விங் ஆர்முக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் கட்டாயம். நைலான் உருளையில் ஒரு கட்டை, 5 மி.மீ. பட்டையில் ஒரு கை, இழுப்பதற்கு சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். 200 ரூபாய்க்குள் முடிந்தது. பின் ஸ்பிராக்கெட்டுக்கு அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு போடுங்கள். விழுந்த வண்டியைத் தூக்கும்போது விரல் செயினுக்குள் போவது இந்த விளையாட்டில் எல்லோரும் அஞ்சும் விபத்து.

மேக்னட் வளையம்

பல் கணக்கு சரியானதும் அடுத்த குறை தெரிந்தது. கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் இன்ஜின் செத்துவிடுகிறது. சாலை வண்டிக்கு இலேசான மேக்னட் போதும். ட்ரையல்ஸில் இன்ஜின் சக்தியைச் சேர்த்து வைத்து ஒரே தட்டில் பின் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும்; அதற்கு மேக்னட்டில் கனம் வேண்டும்.

மேக்னட்டின் வெளிச்சுற்றில் இரும்பு வளையம் ஏற்றுவதுதான் வழி. முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து நான்கு உருண்டை பிடித்து, மேக்னட்டின் ஓரத்திலும் முகப்பிலும் ஒட்டி, மூடியைப் பூட்டித் திறந்தால் எங்கே எத்தனை மி.மீ. இடைவெளி என்று மாவே காட்டும். நசுங்கிய மாவைப் பிளேடால் வெட்டி வெர்னியரில் அளக்கலாம். எங்கள் வண்டியில் மூடிக்கு அடியில் 6 மி.மீ. அலுமினிய ஸ்பேசர் வைக்க வேண்டியிருந்தது. மேக்னட்டின் வெளியே பல்சர் காயில் (தீப்பொறிக்கு நேரம் சொல்லும் காயில்) உள்ள இன்ஜினில் இந்த வளையம் ஆகாது. அதில் முகப்பின் மேல் தட்டாகத்தான் போல்ட் போட வேண்டும்.

வளையத்தை மேக்னட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் காந்தம் பலம் இழக்கும், தீப்பொறி போய்விடும். சூடேற்றி ஏற்றுவதுதான் சரி. மேக்னட்டின் வெளிவிட்டத்தை மூன்று இடங்களில் அளந்து, வளையத்தின் உள்விட்டத்தை அதைவிட 0.08 மி.மீ. குறைவாகக் கடைந்தோம். வளையத்தின் ஒரு பக்கத்தை எமரித் தாளில் பளபளவென்று தேய்த்துவிட்டு அடுப்பில் வையுங்கள். தேய்த்த முகம் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது சூடு சுமார் 220 டிகிரி. அப்போது உள்விட்டம் கால் மி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும், குறடால் எடுத்து வைத்தால் தானாக விழுந்து உட்காரும். கோணலாக விழுந்தால் தட்டிச் சரி செய்ய இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். உடனே ஈரத்துணி போர்த்தி ஆற்ற வேண்டும், சூடு காந்தத்துக்கு இறங்கக் கூடாது. ஆறியபின் அச்சில் மாட்டி இரண்டு கத்தி விளிம்பின் மேல் வைத்து உருட்டி, கனமான பக்கத்தில் முகப்பில் சின்னக் குழி போட்டுச் சமன் செய்யுங்கள்.

எவ்வளவு கனம்? முதல் வளையம் 900 கிராம். இன்ஜின் சாகவே இல்லை. ஒரு கல் ஏறி இறங்கி அடுத்த கல்லுக்குப் போகும்வரை ஒரே சீராக ஓடியது. ஆனால் படிக்கு முன்னால் ரெவ் ஏற்ற நினைத்தால் ஏறவில்லை. ஆக்சிலரேட்டரைத் திறந்து, இன்ஜின் எழுந்து வருவதற்குள் முன் சக்கரம் படியில் இடித்துவிடும். இறங்கும்போதும் ஆக்சிலரேட்டரை மூடினாலும் வண்டி தள்ளிக்கொண்டே போனது. அதே வளையத்தை லேத்தில் குறைத்து 600 கிராமுக்குக் கொண்டுவந்தபின் இரண்டும் சமாதானமாயின. உங்கள் எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் 700-இல் நிறுத்திப் பாருங்கள். குறைப்பது எளிது, கூட்ட முடியாது.

கனம் கூடினால் கிராங்கின் சாவிக்கு (மேக்னட் இடம் மாறாமல் வைக்கும் சின்ன இரும்புத் துண்டு) ஆபத்து. மேக்னட் கிராங்க் முனையின் டேப்பரில் (கூம்பான பகுதி) உட்காரும் பிடிதான் சுமையைத் தாங்க வேண்டும், சாவி அல்ல. சாவியை எடுத்துவிட்டு, கிராங்க் டேப்பரில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, மேக்னட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகி உராய்த்தால் இரண்டும் ஒன்றாகச் சேரும். பளபளக்காத சாம்பல் நிறம் டேப்பர் முழுக்கப் பரவியதும் பெட்ரோலில் நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் மாட்டுங்கள்.

கார்புரேட்டரும் பெட்ரோலும்

நடுத்தர வேகம், உச்ச வேகம் எதுவும் நமக்குத் தேவையில்லை. மெயின் ஜெட்டை அப்படியே விட்டோம். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு திறப்பு வரைக்கும்தான் வேலை. ஊசிக் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினோம். ஊசி உயரும், கலவை கொழுக்கும், திடீரென்று திறக்கும்போது வரும் திக்கல் போகும். ஏர் ஸ்க்ரூவை இன்ஜின் நன்றாகச் சூடானபின்தான் திருப்ப வேண்டும். ஐடிலிங் சற்றுக் கூடுதலாக, கையை எடுத்தாலும் வண்டி முதல் கியரில் தானாக நகரும் அளவுக்கு வையுங்கள்.

ஆயில் பம்ப் இருந்தால் அதைக் கழற்றி மூடிவிட்டு, பெட்ரோலில் கலந்து ஊற்றுவது நல்லது. விழுந்த வண்டி ஒருக்களித்துக் கிடக்கும்போது பம்ப்புக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பழைய பழக்கத்தில் 40 மில்லி ஊற்றினால் மெதுவாக ஓடும் இன்ஜினில் எரியாத ஆயில் தேங்கி, பிளக் கறுத்து ஈரமாகும். அப்படியும் பிளக் நனைந்தால் ஒரு படி சூடான பிளக் போடுங்கள். என்ஜிகேயில் எண் குறைந்தால் சூடு அதிகம், 7 இருந்த இடத்தில் 6.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மிதவைக் கிண்ணத்து ரப்பரும் பெட்ரோல் குழாயும் அதில் ஊறிப் பெருக்கின்றன. போட்டி முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். மறந்து ஒரு மாதம் விட்டால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், மாட்டியிருந்த செட்டிங் எல்லாம் பொய்யாகத் தெரியும்.

காற்று வடிகட்டிக்கு ஃபோம். செம்மண் புழுதியில் காகித ஃபில்டர் நாள் முழுக்கத் தாங்காது. மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், காய்ந்தபின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுவது, அவ்வளவுதான்.

கிளட்ச்

ஒரு விரலில் பிடிக்க முடிய வேண்டும், பிடித்தால் முழுக்க விட வேண்டும், விடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க வேண்டும். இன்ஜின் பக்கத்துக் கிளட்ச் கையை 10 மி.மீ. நீட்டி வெல்டிங் வைத்தோம். 40 மி.மீ. இருந்தது 50 ஆனதால் கைக்கு வரும் சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பதிலுக்கு பிளேட் விலகும் தூரமும் அதே அளவு குறையும், அதனால் பிளேட்டுகள் நேராக இருந்தாக வேண்டும். இரும்புப் பிளேட்டை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஓரத்தில் 0.10 ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள்; நுழைந்தால் அந்தப் பிளேட் வேண்டாம். கிளட்ச் கூடையின் விரல்களில் பிளேட் பதிந்த பள்ளங்கள் இருக்கும். அவற்றைச் சின்ன அரத்தால் சமமாக்கினால் கடிப்பது வழுக்கலாக வரும். இதைச் செய்யாமல் புதுப் பிளேட் மட்டும் போட்டவர்கள் கிளட்ச் 'டக் டக்' என்று பிடிக்கிறது என்பார்கள். கேபிள் உள்ளே நைலான் பூசியதாக இருக்கட்டும், வளைவு குறைவாகப் போகட்டும்.

சக்கரமும் காற்றும்

ட்ரையல்ஸ் டயர்களின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: முன்னால் 2.75-21, பின்னால் 4.00-18. பட்டன் டயரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். பட்டன் டயரின் கட்டைகள் உயரமாக, தள்ளித் தள்ளி, கெட்டி ரப்பரில் இருக்கும். மண்ணைத் தோண்டும், பாறையில் வழுக்கும். ட்ரையல்ஸ் டயரின் கட்டைகள் குட்டையாக, நெருக்கமாக, மெத்தென்று இருக்கும், பாறையைக் கவ்விப் பிடிக்கும். மிஷெலின் எக்ஸ்-லைட், டன்லப் டி803, ஐஆர்சி டிஆர்-011 எல்லாம் நன்றாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பதுதான் தொல்லை. பாதி தேய்ந்த ஜோடி 13,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பின் டயரின் கட்டை ஓரம் உருண்டுவிட்டால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டு மறு ஓரத்தைப் பயன்படுத்தலாம்.

பின்னால் 2.15 அகல 18 இன்ச் ரிம், முன்னால் 1.60 அகல 21 இன்ச் ரிம். வாங்கும் முன் ரிம்மிலும் ஹப்பிலும் ஸ்போக் துளை எண்ணிக்கை ஒன்றா என்று எண்ணிவிடுங்கள். ஸ்போக் நீளத்தைக் கட்டுபவரிடமே விட்டுவிடுவது மேல்.

காற்றழுத்தம்தான் பாதிப் பிடிமானம். டியூப்லெஸ் ரிம் இருந்தால் பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 6. நம்முடையது டியூப் என்பதால் அவ்வளவு இறக்க முடியாது. 5-இல் கூரான கல்லில் இடித்ததும் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை. பின்னால் 7, முன்னால் 8 என்பதில் நிலைத்தோம். 7-இல் டயர் ரிம்முக்குள் நகரும், வால்வின் கழுத்து அறும். பின் ரிம்மில் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் ஒன்று போட்டால் தீரும். வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல் மூடியோரம் தள்ளி வையுங்கள். வால்வ் சாயத் தொடங்கினால் டயர் நகர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பஞ்சர் கடைக் கேஜ் 10-க்குக் கீழே காட்டுவதை நம்ப முடியாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் கேஜ் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, நம் ஊர் வெயில். காலை ஏழு மணிக்கு நிழலில் 25 டிகிரியில் 6 வைத்த டயர், நண்பகல் பாறையில் 45 டிகிரிக்குப் போனால் 7.3 காட்டும். இத்தனை தாழ்ந்த அழுத்தத்தில் 1.3 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். காலையில் ஏறிய படி மதியம் வழுக்கினால் கையைக் குறை சொல்லும் முன் கேஜை எடுங்கள்.

முள் தனிக் கதை. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) வெள்வேலா முள்ளும் கிளுவை வேலிக் குச்சியும் இல்லாத இடம் கிடையாது. காற்று குறைந்த டயர் முள்ளைத் தள்ளாமல் அணைத்துக்கொள்ளும். டியூபுக்குள் சீலன்ட் ஊற்றினால் நுனி முள்ளுக்குத் தாங்கும். எடை கூடும் என்றாலும் ஊற்றியே ஆக வேண்டும்.

உயரம், கோணம், நிற்கும் இடம்

21 இன்ச் முன் சக்கரம் வண்டியின் முகத்தை ஏறத்தாழ 40 மி.மீ. தூக்கிவிடுகிறது, ஃபோர்க் சாய்ந்து திருப்பம் சோம்பலாகும். பின்னால் 4.00 டயர் 15 மி.மீ. தருகிறது, மீதியை, பழையதைவிட 40 மி.மீ. நீளமான ஷாக் அப்சார்பர் தருகிறது. இன்னும் கொஞ்சம் நிமிர்த்த, ஃபோர்க் குழாயை மேல் கிளாம்பிலிருந்து 15 மி.மீ. வெளியே தள்ளினோம். ஃபோர்க் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு முன்பக்கத்தை அடிவரை அழுத்தி, டயர் ஃபிரேமிலோ சைலன்சர் வளைவிலோ தொடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இன்ஜினுக்கு அடியில் 4 மி.மீ. அலுமினியத் தகடு. தரைக்கும் தகட்டுக்கும் 285 மி.மீ. கிடைத்தது.

ஃபுட்ரெஸ்ட்டை 45 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, 55 மி.மீ. அகலத்தில் பல் வெட்டிய தகடு வைத்தோம். எடை பின் டயருக்குப் போகும். இரண்டு பக்கமும் மிதிக்கும் கியர் லீவர் ஆகாது. பின் பாதியை அறுத்து, முன் பாதியைக் கால்விரல் தற்செயலாகப் படாத தூரத்துக்குத் தள்ளுங்கள். செக்‌ஷனுக்குள் கியர் மாற்றும் வேலை பெரும்பாலும் இல்லை.

பிரேக் டிரம் இரண்டையும் வைத்துக்கொண்டோம். புது லைனிங்கை அப்படியே மாட்டினால் நடுவில் மட்டும் பிடிக்கும். டிரம்மின் உட்புறத்தில் சாக்பீஸ் தேய்த்து, மாட்டிச் சுற்றிப் பார்த்தால் எங்கே படுகிறது என்று தெரியும். லைனிங்கை பிளேட்டோடு லேத்தில் பிடித்து டிரம் அளவுக்குக் கடைந்தபின் பிடி இரட்டிப்பானது. கை லீவர்கள் குண்டு முனையாக இருக்கட்டும். மணிக்கட்டில் கயிறு கட்டி, விழுந்ததும் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சையும் மறக்கக் கூடாது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதியிலும் அது கட்டாயம்.

போட்டியில்

செக்‌ஷனை நடந்து பார்க்கும்போது முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடங்கள். கடைசித் தடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து நேராக வர வேண்டும் என்று தெரிந்தால்தான் முதல் திருப்பத்தை எங்கே எடுப்பது என்று முடிவாகும். வண்டி நின்றாலே 5 கொடுக்கும் 'நோ-ஸ்டாப்' விதியா, சமநிலையில் நிற்க விடுவார்களா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க விடாத விதியில் இந்தச் சின்ன இன்ஜினுக்கு ஒருவகையில் வசதிதான்; மேக்னட்டில் சேர்ந்த சுற்றை வீணாக்காமல் உருண்டுகொண்டே இருக்கும்.

உள்ளே நுழையும் முன் இன்ஜினை இரண்டு தடவை உறுமவிட்டு, தேங்கிய ஆயிலைத் துப்ப வையுங்கள். இல்லாவிட்டால் முதல் படியிலேயே புகையோடு திக்கும். படியை ஏற: ஐடிலில் நேராக வந்து, முழங்காலை மடித்து முன் ஃபோர்க்கை அழுத்தி, அது எழும்பும் நொடியில் ரெவ்வை ஏற்றிக் கிளட்ச்சை விடுங்கள். முன் சக்கரம் படியின் விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை மூடி, முழங்காலை மடித்து வண்டியை மேலே வர விட வேண்டும். பின் சக்கரம் படியில் இடிக்கும்போது ஆக்சிலரேட்டர் திறந்திருந்தால் டயர் சுழன்று வழுக்கும். எண்பது சதவீதத் தோல்வி அங்கேதான் என்று தோன்றும். காய்ந்த பாறையில் பிடி கிடைத்துவிடும். மழைக்குப் பின் உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் ஒட்டினால் கட்டைகளுக்கு நடுவே இடுக்கே இருக்காது. செக்‌ஷனுக்கு முன் குச்சியால் சுரண்டிவிட்டு நுழையுங்கள்.

முடியாது என்று தோன்றும் திருப்பத்தில் ஒரு காலை வேண்டுமென்றே ஊன்றி 1 எடுத்துக்கொள்வது கௌரவக் குறைவு அல்ல. 0-க்கு ஆசைப்பட்டு 5 வாங்குவதுதான் பட்டியலில் கீழே இறக்கும்.

இரண்டு சுற்றுக்கு நடுவே சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது காற்றுக் குளிர்ச்சி குறைவு, மண் பூசினால் அதுவும் போச்சு. பையில் இருக்க வேண்டியவை: மூன்று பிளக், பிளக் ஸ்பானர், கிளட்ச் கேபிள், ஒரு ஜோடி லீவர், செயின் லாக், கை பம்ப், குறைந்த அழுத்தக் கேஜ், ஒரு டியூப்.

செலவும் அடுத்த வண்டியும்

வண்டி 16,000. டயர் ஜோடி 13,000. ரிம், ஸ்போக், கட்டுக்கூலி 5,200. செயினும் ஸ்பிராக்கெட்டும், பயன்படாமல் போன 48 பல்லையும் சேர்த்து, 3,900. மேக்னட் வளையமும் ஸ்பேசரும் 1,700. ஷாக் 2,800. கிளட்ச், கேபிள் 1,900. பிரேக் லைனிங் 700. ஹேண்டில் பார், லீவர் 2,400. வெல்டிங், ஃபுட்ரெஸ்ட் வகையில் 4,500. அலுமினியத் தகடு 1,300. சில்லறை 2,000. மொத்தம் 55,400 ரூபாய். இதில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுத்தது 1,700 ரூபாய் வளையம். குறைவாகக் கொடுத்தது ஷாக். அது நீளத்தைத் தந்தது, ஆனால் கற்களில் துள்ளுகிறது. அடுத்த வண்டிக்கு ஸ்பிரிங் மெத்தென்று இருப்பதைத் தேடி எடுக்க வேண்டும்.

தீராத குறை ஒன்று. செங்குத்து ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கி, மல்லாக்கக் கவிழப் பார்க்கிறது. சக்கர இடைவெளி குறைவு என்பதே காரணம்: போட்டி வண்டிகளில் 1,300 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருப்பது, இதில் 1,220-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. உடலை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் 54 பல்லின் இழுப்புக்கு முன் அது ஈடாகவில்லை. ஸ்விங் ஆர்மை 60 மி.மீ. நீட்ட வேண்டும். அறுத்த இடத்தில் குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் உள்குழாய் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே ஜிக்கில் பிடித்து வெல்டிங் செய்தால் கோணல் வராது. ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் அதே விகிதத்தில் பின்னுக்கு நகர்த்தாவிட்டால் ஸ்பிரிங் மெலிந்தது போலாகிவிடும், நமக்கு அது இந்த ஷாக்கில் நல்லதாகவே இருக்கலாம். செயினுக்கு இன்னும் 10 லிங்க் வேண்டும். மொத்தம் 124 என்பதால் 120 லிங்க் பெட்டி போதாது. இப்போது வெட்டிய 6 லிங்க்கைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்திருக்கிறோம்.